பின்கழுத்து

அவர் முகத்தை எல்லோரும் அறிவார்கள்.
நாணயத்தில் இருந்தது, அஞ்சல்தலையில் இருந்தது,
பள்ளிக்கூடச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே
எப்போதும் சற்றுச் சாய்ந்து தொங்கியது.
எனக்குத் தெரிந்தது பின்கழுத்து.
மஞ்சள் குடையின் காம்பைப் பிடித்தபடி
முப்பத்தோரு ஆண்டுகள்
ஒன்றரை முழம் பின்னால் நடந்தவன் நான்.
கோலா மெந்தாரி அரண்மனையின் குடைக்காரன்,
அவாங் தமித்.

முதல் நாள் அந்தக் கழுத்தில்
சட்டைக் காலர் விட்ட வெயில் கோடு தெரிந்தது.
லீட்ஸ் நகரில் பாலம் கட்டப் படித்தவர்,
இரண்டாம் மகன், யாரும் கணக்கில் வைக்காதவர்.
அண்ணன் ஏறிய ஹெலிகாப்டர்
கடலிலிருந்து திரும்பாததால்
மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு
வந்து சுல்தான் ரைஹான் ஷா ஆனார்.
நோபாத் மேளம் அதிர்ந்தது. நஃபிரி வீரிட்டது.
தலைப்பாகை முடிச்சு காதுக்குப் பின்னால் உறுத்த
விரல் மெல்ல உயர்ந்தது;
பாதியில் நினைவு வந்து இறங்கிவிட்டது.

அரசர் சொறிந்துகொள்வதற்கு
எங்கள் மொழியில் சொல் கிடையாது.
மற்றதற்கெல்லாம் உண்டு.
நாங்கள் தூங்குவோம், அவர் ‘பெராடு’.
நாங்கள் தின்போம், அவர் ‘சந்தாப்’.
எங்களுக்கு வந்தால் காய்ச்சல்,
அவருக்கு வந்தால் ‘கெரிங்’.

அவர் குடை நிழலில் நாடே வாழ்கிறது என்பார்கள்.
குடை பிடிப்பவன் நிற்பது வெயிலில்.
குறையாகச் சொல்லவில்லை;
சம்பளம் ஒரு மாதமும் தவறியதில்லை.

பதினோரு பாலங்கள் திறந்தார்.
நாடாவை வெட்டுமுன் ஒவ்வொன்றிலும்
குனிந்து அடியைப் பார்ப்பார்.
ஒருமுறை, “இது நிற்காது” என்றார், மிக மெதுவாக.
அமைச்சர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துச் சிரித்தார்.
அவரும் சிரித்து, வெட்டிக் கொடுத்தார்.
மூன்றாவது பெருமழையில் பாலம் ஆற்றோடு போனது.
அன்றைக்கு அந்தக் கழுத்து சிவந்திருந்ததை
எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

பிறகு ஜுராய்மியின் மனு வந்தது.
படகோட்டி.
பலகைக்கடியில் இருந்த பொட்டலம் என்னுடையதில்லை
என்று மூன்று நீதிமன்றங்களில் சொன்னவன்.
அவன் தமக்கை மீன் அப்பளக் கூடையோடு
ஒன்பது நாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள்;
காவலர்களுக்கே விற்றாள்.
மன்னிப்புக் குழுவில் ஐந்து பேர்,
ஐந்து பேரும் கூடாது என்றார்கள்.
ஆறாவது கை அவருடையது.
அது என்ன செய்தது என்று
பின்னால் நின்றவனுக்குத் தெரியாது.
பேனா மூடிய சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை, விடியவில்லை.
வெறுங்காலோடு படித்துறைக்கு நடந்தார்.
கொட்டுகிற மழை. குடையோடு ஓடினேன்.
“தமித், மடக்கு.”
அதுவரை என் பெயர் அவருக்குத் தெரியும் என்றே
நான் நினைத்ததில்லை.
மடக்கினேன்.
அக்கரையில் சிறைச்சாலை விளக்குகள்
ஒவ்வொன்றாக எரிந்தன.
கழுத்து வழியே இறங்கும் நீரை
எண்ணிக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய.
விளக்குகள் அணைந்தன. அவர் திரும்பவில்லை.
சமையற்கட்டில் இரண்டு நாள்
‘சந்தாப்’ என்ற சொல்லுக்கு வேலை இருக்கவில்லை.

அவர் துஞ்சியது மார்ச் மாதத்தில்.
புதியவரை அறிவிக்காமல்
பழையவரைப் புதைக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம்.
உள்ளே பாடை, படிக்கட்டில் மகன்.
கையில் ஒரு குடை; நடுக்கூடத்தில் நான்.
“அங்கே போ” என்று கண்ணைக் காட்டினார்
சடங்கு அதிகாரி.
போனேன்.

மறைந்த அரசருக்கு ஒரு பெயர் சூட்டுவார்கள்.
ஏழு அறிஞர்கள் கூடி
‘நீதியில் நிலைத்த மர்ஹூம்’ என்று முடிவு செய்தார்கள்.
கல்லில் பொன் எழுத்து.
என்னிடம் வேறொரு பெயர் இருந்தது,
படித்துறையும் மழையும் சேர்ந்தது.
குடைக்காரனை யார் கேட்கிறார்கள்.

புதியவர் உயரம்.
அத்தர் மணக்கும் கழுத்து, ஒரு கோடும் இல்லை.
நாலு விரற்கடை நீளமாகக் காம்பு வேண்டும் என்று
எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
அதுவரை தோள்பட்டை வலிக்கும்.