இளநீலம்

பீல் நகரில், ஷூஸ் ஆற்றுப் பக்கம்,
இரண்டாம் மாடியில் என் மேசை.
இன்று அதன்மேல்
ஒரு படமும் ஒரு பழியும்.

கடிகாரத் தொழிற்சாலைப் பெண்கள் பதினொருவர்.
எழுபத்தெட்டு, வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள்,
எல்லார் கையிலும் சூப்புக் கோப்பை.
வலமிருந்து நான்காவது ஹெட்டி ஷ்டெம்ப்லி,
இதோ எதிரே அமர்ந்து
ஈரக் குடையை மடக்குகிறவர்.
அன்றைய கன்னத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள்;
கருங்கோட்டின் மேல்
மீன்வயிற்றுப் பளபளப்பு.

"எல்லாம் ரெனேயின் வேலை.
குளியலறையில் அச்சிட்டான்.
ஃபிக்ஸர் செத்துப்போச்சு என்றேன், கேட்டானா?
அலசுகிற பொறுமை அவனுக்கேது,
ஐஸ் ஹாக்கி தொடங்கிவிடுமே."
நாற்பது வருஷத்துக் குற்றப்பத்திரிகை
மூச்சு விடாமல் வந்தது.
எதிர்வாதம் இல்லை.
ரெனே இறந்து ஆறு வருஷம்.

ஓரத்து வெள்ளையில் ஒரு சொட்டு சல்ஃபைடு.
வெள்ளி மிச்சமிருந்தால் மஞ்சளாகும்.
மூன்று நிமிடம் பார்த்தேன்,
ஆகவில்லை.
தள்ளி இன்னொரு சொட்டு, சில்வர் நைட்ரேட்.
ஹைப்போ தங்கியிருந்தால் பழுப்பேறும்.
ஏறவில்லை.
மனிதர் நன்றாகவே கழுவியிருக்கிறார்,
ஆட்டத்தின் முதல் பகுதியை
விட்டுக்கொடுத்து.

எங்கே மாட்டியிருந்தீர்கள்?
மாடிப்படியில். தெற்கு ஜன்னல். கண்ணாடிச் சட்டம்.
சுவருக்குப் பெயிண்ட்?
அந்த வாரந்தான். எண்ணெய்ப் பெயிண்ட், இளநீலம்.
நானே அடித்தேன்,
வாடை போகுமுன்னே மாட்டிவிட்டேன்.

என் ஓட்டை ஜெர்மனில் சொன்னேன்:
இந்தக் காகிதத்துக்கு இருபுறமும் பாலித்தீன் சட்டை.
அதை வெளுப்பாக்கும் டைட்டானியமே
வெயில் பட்டால் உள்ளிருந்து கலகம் செய்யும்.
பெயிண்டின் ஆவியும் சட்டத்துக்குள் புகுந்து
திரும்பிப் போக வழியில்லாமல்
வெள்ளியை அரிக்கும்.
அரித்த வெள்ளி ஊர்ந்து மேலே வந்து
பொடியினும் பொடியாய் உட்கார்ந்தால்
ஆரஞ்சு.

அதே இரவில் அச்சிட்ட வேறு பிரதி?
கைப்பையைத் துழாவினார்.
வருமான வரித் தாள்களோடு
டிராயரில் கிடந்த ஒன்று, சட்டமில்லாதது.
பதினொரு முகம். கன்னங்கள் சுத்தம்.
சூப்பிலிருந்து எழும் ஆவிகூடத் தெரிந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
இதற்கு ஜெர்மன் எனக்குத் தெரியவில்லை.
சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து
"அந்த நீலம் அவனுக்குப் பிடிக்கவேயில்லை" என்றார்.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
வெளிச்சம், பெயிண்ட் ஆவி, மூடிய சட்டம்
என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.
பேனாவை வாங்கி
பெயிண்டுக்கு முன்னால்
'என்' என்று சேர்த்துவிட்டுக்
கையெழுத்திட்டார்.

குடையை மறந்து போயிருக்கிறார்.
வெளியே இன்னும் மழை.