கடைசி வண்டி

நான்கு ஊக்கு போட்டு மார்பில் குத்திய எண் 2317.
கீழே பெயர். இடம் போதாமல்
அங்கயற்கண்ணி
'அங்கயர்' வரை வந்து நின்றுவிட்டாள்.

ஞாயிறு, விடியாத ஐந்து மணி, ரேஸ் கோர்ஸ் மைதானம்.
வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம்
பதினாறு வருடமாக ரத்தம் எடுக்கிறவள்
இன்று வெறும் வயிற்றோடு வரிசையில்.
பாதி வாழைப்பழம் கணக்கில் வராது.
லேபுக்கு ஃபாத்திமுத்து போயிருக்கிறாள்.
பதிலுக்கு என்னிடம் இரண்டு ஞாயிறு கேட்டிருக்கிறாள்.

விசில்.
முதல் மூன்று கிலோமீட்டர் எல்லோருக்கும் கால் இருந்தது.
தல்லாகுளம் தாண்டி நத்தம் ரோட்டுப் பாலம் ஏறும்போது
என்னைக் கடந்து போனது
ஒரு கல்லூரிக் கூட்டம், பின்னாலேயே அதன் சென்ட் வாசனை,
நெற்றி நிறைய திருநீறோடு ஒரு பேங்க் மேனேஜர்,
'2.30' என்று எழுதிய மஞ்சள் பலூன்.
பலூன் போன பிறகு
பாலம்தான் இருந்தது.

கடை இல்லை, நிழல் இல்லை,
நின்று வேடிக்கை பார்க்க ஒரு சண்டைகூட இல்லை.
வலது பக்கம் யானைமலை படுத்திருக்கிறது.
பஸ் ஜன்னலில் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடும் யானை
இன்று ஒரு மணி நேரமாகக் கூடவே இருக்கிறது.
நகராதது நீயா நானா என்று
எங்களுக்குள் ஒரு சின்ன வழக்கு.

ஊமச்சிகுளத்தில் திரும்பினேன்.
வலது கன்னத்து வெயில் இடது கன்னத்துக்கு மாறியது.
பதினான்காவது கிலோமீட்டரில் கட்டைவிரல் கொப்புளம் உடைந்தது.
காலுறைக்குள் ஈரம்.
என்ன நிறமென்று தெரியும், குனிந்து பார்க்கவில்லை.
போன ஆனியில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி நான்கு.
என் ரிப்போர்ட்டில் நானேதான் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.
எனக்குப் பின்னால் கோன்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார்கள்.
தண்ணீர் மேசையை மடக்குகிறார்கள்.
நான் விட்ட இடமெல்லாம்
மறுபடி லாரிக்கு ரோடாகிக்கொண்டே வருகிறது.
அதற்கும் முன்னால், என் முதுகை ஒட்டி, முதல் கியரில்
கடைசி வண்டி.
மூன்று மணி நேரத்தில் முடிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்வது.
உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர்
செருப்பில்லாத காலை சீட்டில் நீட்டி
பிஸ்கட் தின்கிறார்கள்.
அவர்கள் முகத்தில் அத்தனை நிம்மதி.

"ஏறிக்கிறீங்களாக்கா?"
முகத்தைப் பார்க்கும் முன்பே முழங்கையைப் பார்த்தேன்.
ஜன்னலில் சாய்ந்திருந்த இடது முழங்கை.
சோணைமுத்து, சாப்பிடாமல் நூற்று எழுபது,
தடவினால் தட்டுப்படும், குத்தினால் நழுவும் நரம்பு.

மூச்சு வாங்கி, கம்பியைப் பிடித்து, சரி என்று சொல்லப்போனேன்.
"போன தடவ மூணு குத்து குத்துனீங்க," என்றான்
ரோட்டைப் பார்த்தபடியே.
"நான் கைய எடுத்தேனா?"

கம்பியை விட்டேன்.
அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது.
நடையைக் கொஞ்சம் உதறினால் வருமே, அது.
அவன் ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை,
பாலம் இறங்கும்வரை
என் வேகத்துக்கு டீசலை வீணடித்துக்கொண்டு வந்தான்.

இருபத்தொன்று வரை எண்ணியவனுக்கு
அந்தப் புள்ளி ஒன்று எதற்கு?
நூறு மீட்டர். எங்கள் லேப் வாசலிலிருந்து டீக்கடை.
அதற்குள் இரண்டு தடவை அழுகை வந்தது, ஒரு தடவை ஏப்பம்.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள் போல.
காற்றடைத்த வளைவு தலைக்கு மேல் தொய்ந்துகொண்டிருந்தது.
குனிந்துதான் நுழைந்தேன்.
இரண்டு ஐம்பத்தெட்டு நாற்பது.
"இதோ அங்கயர் சார்! கைதட்டுங்க!" என்றது மைக்.
நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்
ஒரு நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

வண்டி பக்கத்தில் வந்து நின்றது.
"வியாழக்கெழம சுகர் பாக்க வர்றேன். ஒரே குத்து. சரியாக்கா?"
தலையாட்டினேன்.

எண்ணைக் கழற்ற வேண்டும். நான்கு ஊக்கு.
முதல் ஊக்கே வரவில்லை.
ஊசி பிடிக்கிற விரல்,
இப்படி ஆடுகிறது.