நாற்பத்திரண்டு

பெயருக்கு அறுநூறு, எண்ணுக்கு இருநூறு என்று
பேசித்தான் ஏணியைச் சுமந்து வந்தேன்.
பொகவந்தலாவைப் பள்ளி மண்டபம்.
மஞ்சள் இனாமல், மூன்றாம் இலக்கத் தூரிகை,
பிரதி அதிபர் தந்த துண்டுச் சீட்டு:
ப. தவசீலன். உதைபந்தாட்டம்.
2009 – 2011. கோல்கள் 41.

அவருக்குத் தெரியாது,
அதில் ஆறு என்னைத் தாண்டிப் போனவை.
நான் மஸ்கெலியாப் பக்கம்.
கையுறை இல்லாத கோல் காப்பாளன்,
அம்மாவின் பழைய படங்கை வெட்டி
முழங்காலில் கட்டியிருந்தவன்.

அவன் ஓட்டத்தில்
பார்க்க ஒன்றுமில்லை, உண்மையாக.
வளைந்த கால், முன்தள்ளிய தோள்.
ஏற்றத்தில் மட்டுமே ஓடிப் பழகியவன்
சமதரையைக் கண்டால் என்ன செய்வான்?
இறக்கம் என்று நினைத்துக்கொண்டு வருவான்.
நிறுத்த முடியாது.

அரையிறுதி, ஹட்டனில்.
இடைவேளைக்குப் பிறகு பனி இறங்கியது.
எதிர்க் கம்பம் போனது, நடுக்கோடு போனது,
எங்கள் பின்வரிசைப் பையன்கள்
சத்தமாக மட்டும் இருந்தார்கள்.
ஓர் உதை கேட்டது.
காதோரம் ஈரக் காற்று.
பந்து வலைக் கிழிசலில் நுழைந்து வெளியேறி
கவ்வாத்து வெட்டிய மலைக்குள்
கானோடு கானாக உருண்டது.

மத்தியஸ்தர் வெள்ளைக்குள்ளிருந்து வந்து
என்னைத்தான் கேட்டார்.
"வெளியே போனது சேர்" என்றேன்.

தவசீலன் பக்கத்தில்தான் நின்றான்.
ஒரு மூச்சு நேரம் என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு பந்தெடுக்க அவனே இறங்கினான்.
ஏறி வந்தபோது
வெட்டிய குச்சி கிழித்த கெண்டைக்காலில் இரத்தம்.
பந்தை என் கையில் தந்து
"சீக்கிரம் அடி, நேரமில்லை" என்றான்.

ஒன்றுக்குப் பூச்சியம். நாங்கள் வென்றோம்.
சான்றிதழை லெமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

இன்று மூன்று மணிக்கு
வெள்ளவத்தைக் கடையில் ஒருநாள் லீவு கேட்டு
வருகிறானாம். பொன்னாடை இருக்கிறது,
மைக் இன்னும் வேலை செய்யவில்லை.

நாலு போட்டேன்.
ஒன்று வரவேண்டிய இடத்தில்
தூரிகை வளைந்தது.
இல்லை, நான்தான் வளைத்தேன்.

பிரதி அதிபர் கீழே நின்று
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்.
"தம்பி, நாற்பத்தொன்று."
"நாற்பத்திரண்டு சேர்."
"கோப்பில் அப்படி இல்லையே?"
"கோப்பில் இருக்காது சேர்."

எண்ணுக்கான இருநூறை நான் வாங்கவில்லை.
இந்தக் குளிரில் இனாமல் காய
இரவாகிவிடும்.
தொட்டால் விரலில் ஒட்டும் என்று
அவனிடம் சொல்ல
மண்டப வாசலில் நிற்கிறேன்.