இருபத்தி நாலாவது உருப்படி

பதினோரு பேர், இருபத்தி மூணு உருப்படி என்று
போனிலேயே சொல்லியிருந்தார் வைரவன்.
சக்கர நாற்காலி ஆளா, உருப்படியா என்று கேட்டேன்.
மடக்கினால் உருப்படி, விரித்தால் சித்தப்பா என்றார்.

பள்ளத்தூர் வீடுகளில் இது ஒரு தொல்லை:
வாசல் ஒரு தெருவில்
கொல்லைக் கதவு அடுத்த தெருவில்.
வைரவன் ஆட்கள் பெட்டிகளை முன்னால் இறக்க
சிகப்பி ஆட்கள் பின்னால் இறக்க
சுற்றிச் சுற்றி ஓட்டியதிலேயே
மூணு கிலோமீட்டர் ஏறிவிட்டது மீட்டரில்.

நாளைப் பகல் பன்னிரண்டுக்குள் சென்னைத் துறைமுகம்.
கை காட்டினால் நிற்க அது அறந்தாங்கி பஸ் இல்லை
என்று டிக்கெட்டால் விசிறிக்கொண்டே சொன்னார் வைரவன்.
ஒன்பதுக்குக் கிளம்புவதாகப் பேச்சு.
ஒன்பதே முக்காலுக்கு
இட்லிக் கொப்பரை வேண்டுமா என்று வழக்கு நடந்தது.
கப்பலில் மூணு நாளும் கேட்கக் கேட்கப் போடுவார்களாம்.
"போடட்டுமே" என்று
கொப்பரையோடு உள்ளே போனாள் சிகப்பி.

கனமானது அடியில், மெத்தென்றது மேலே,
நீலத் தார்ப்பாய், குறுக்கே இரண்டு கயிறு.
பின்தெரு இருட்டிலிருந்து ஒவ்வொன்றாய்
சின்னவன் தூக்கித் தூக்கிக் கொடுத்தான்.
எண்ணினால் இருபத்தி நாலு.
"கொப்பரையைச் சேர்த்துக்க அடைக்கலம், சரியா வரும்"
என்றார் வைரவன்.
கணக்கு சரியாக வந்தபின்
யார் மறுபடி எண்ணுகிறார்கள்?

திருமயம் தாண்டும் முன்னே பிள்ளைகள் தூங்கிவிட்டன.
சமயபுரம் டோலில் ஒரு வாந்தி.
வேகத்தடைக்கு வேகத்தடை
தலைக்கு மேல் பெட்டிகள் புரண்டு படுத்தன.
தாம்பரம் நெரிசலில், எட்டரை மணிக்கு,
பாஸ்போர்ட் எந்தப் பையில் என்று யாரோ கேட்க
வண்டியே ஒரு நிமிடம் மூச்சை நிறுத்திக்கொண்டது.
வைரவன் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
இடுப்பில் துண்டு கட்டி, துண்டுக்குள் பதினொன்று.

துறைமுக வாசலில் பெட்டிக்குப் பெட்டி
பெயர்ச்சீட்டு கட்டிக்கொண்டே வந்தார்கள்.
தலையணைப் பைக்குள்ளிருந்து மணங் என்று சத்தம்,
கொப்பரை அங்கே இருந்தது.
பழுப்பு ரெக்சின் பை ஒன்று தனியாக நின்றது.
யாரும் கை நீட்டவில்லை.

திறந்தால்
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, காலாண்டு, சமூக அறிவியல்.
நாற்பத்தி ஆறு விடைத்தாள்,
ஒரு சிவப்புப் பேனா, பாதி பிஸ்கட் பாக்கெட்.

சிகப்பியின் போனில் பத்தொன்பது தவறிய அழைப்பு.
பின்தெருவில் குடியிருக்கிற ஜெபமாலை டீச்சர்.
பூட்டு மக்கர் செய்ததாம்,
பையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு
சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம்.
கூரியரில் போடட்டுமா என்றார் வைரவன்.
"விடைத்தாளையா?" என்றது ஸ்பீக்கர்.
அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

சித்தப்பாவை விரித்து உட்காரவைத்து
வரிசையில் போனார்கள். சின்னவன் மட்டும்
என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மூணு மணி நேரம் ஸ்டீயரிங் மேல் தூங்கினேன்.
பிறகு பையை முன்சீட்டில் வைத்து
பெல்ட் போட்டேன்.
போகும்போது பதினோரு பேர்,
திரும்பும்போது நாற்பத்தி ஆறு,
ஒருத்தரும் ஏசியைக் கூட்டச் சொல்லவில்லை.
விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தி
மேலே இருந்த தாளைப் பார்த்தேன், பார்க்கக்கூடாதுதான்.
ஐந்தாவது கேள்விக்கு ஒரு பிள்ளை எழுதியிருந்தது:
இந்தப் பாடம் நடத்திய அன்று எனக்குக் காய்ச்சல் டீச்சர்.
அரை மார்க் போட்டிருந்தார்.

பின்தெருவில் நுழையும்போது மணி ஒன்று.
டார்ச்சோடு படியில் உட்கார்ந்திருந்தார்.
நன்றி எல்லாம் பிறகு;
பானெட் மேல் தாள்களை அடுக்கி
விரலை நனைத்து எண்ணத் தொடங்கினார்.
நாற்பத்தி ஆறு.
இன்னொரு தரம் எண்ணினார்.
நாற்பத்தி ஆறு.
பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

பிஸ்கட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.