கணக்கில் வராத நடை

டீக்கம்கட் தாண்டிப் பதினெட்டாவது கிலோமீட்டரில்
தார் இளகி டயரைப் பிடித்துக்கொள்கிறது.
ஜேட் மாதம். வளர்பிறைப் பதினோராம் நாள்.
ஐயாயிரம் லிட்டர் என் முதுகுக்குப் பின்னால்
குலுங்கிக்கொண்டே வருகிறது,
வாய் ஓயாத பயணி மாதிரி.

இந்த ஊருக்கு ஏரி உண்டு, ராஜா காலத்தது.
பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
படித்துறைதான் பவுண்டரி.

ஹாரன் அடித்தால் குடங்கள் ஓடி வரும்,
குடங்களுக்குப் பின்னால் பெண்கள்.
இன்று யாரும் ஓடவில்லை, நடந்து வந்தார்கள்.
விடிந்ததிலிருந்து ஒரு துளி கூடாது.
எச்சில் விழுங்கலாமா என்று ஒருத்தி கேட்க
இன்னொருத்தி சிரிக்க ஆரம்பித்து
சிரிப்பிலும் ஈரம் செலவாகும் என்று
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பீமனுக்காக ஏற்பட்ட விரதமாம்.
வருஷத்தின் இருபத்துநான்கு ஏகாதசியும்
என் வயிறு தாங்காது என்று கையை விரித்தவனிடம்
ஒன்றே ஒன்று இரு, ஆனால் நீரும் தொடாதே என்றார்களாம்.
சலுகை!
நாற்பத்தேழு டிகிரியில் ஸ்டீயரிங் பிடித்துப் பார்த்தால்
தெரியும் அந்தச் சலுகை.

லோதி வீட்டுக் குசுமாவின் குடத்தில்
குழாயைச் சொருகியபடி கேட்டேன்:
வருஷம் பூரா நிர்ஜலம்தானே இங்கே, ஜிஜ்ஜி,
தனியாக ஒரு நாள் எதற்கு?

குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மற்ற நாளெல்லாம் தண்ணீர் என்னை விட்டுப் போகிறது, ஹல்கே.
இன்றைக்கு நான் முந்திக்கொண்டேன்."

குழாய் நுனியில் மிச்சம் சொட்டியது.
வழக்கமாக அந்தச் சொட்டுக்கும் ஒரு சொம்பு நீளும்.
இன்று ஒரு காக்கைக்கு விட்டார்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் பழைய சேலையால் ஒரு பந்தல்.
ரோஜாச் சிவப்பில் சர்பத் கலக்கி
ஜன்னல் ஜன்னலாக நீட்டினார்கள்,
உதடு வெடித்தவர்கள்.
கண்டக்டர் மூன்று டம்ளர் குடித்துவிட்டு
இனிப்புப் போதாது என்றான்.
பிறகு மாடுகள். பிறகு பெயர் தெரியாத ஒரு நாய்.
மாலைக்குள் நான் கொண்டுவந்த ஐயாயிரமும்
ஊருக்கு வெளியே போயிருந்தது.
குடங்கள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன.

தானமாகப் புதுப் பானை, ஓலை விசிறி, ஒரு முலாம்பழம்
பண்டிட் வீட்டில் சேர்ப்பது முறை.
அங்கே ஏற்கனவே பதினொரு பானை.
பன்னிரண்டாவதைச் சுமந்து போன குசுமா
என்ன நினைத்தாளோ,
லாரிப் பக்கம் திரும்பினாள்.

கையில் தரவில்லை.
முன்சக்கரத்தின் நிழலில் இறக்கி வைத்தாள்,
வாயில் ஈரத்துணி கட்டி.
விரதத்தின் விதியா, அதைவிடப் பழைய விதியா,
எனக்குத் தெரியாது.
இந்த ஊர்க் கிணற்றடியில் என் அப்பா
இரண்டு கையும் குவித்துக் குனிந்து நிற்பார்,
மேலிருந்து யாராவது ஊற்றும் வரைக்கும்.
நானும் குனிந்துதான் எடுத்தேன்.
பானை குளிர்ந்திருந்தது.
நான் கொண்டுவந்த தண்ணீர்தான்,
ஆனாலும் என்னுடையதாக இல்லை.

குடிக்கவில்லை. கோபமில்லை, பக்தியுமில்லை.
பக்கத்து இருக்கையில் வைத்துத் துண்டால் கட்டினேன்.
வழியெல்லாம் அது ஒரு வார்த்தை பேசவில்லை.

என் நடை எப்போதும் பத்து மணிக்கு.
துவாதசியன்று சூரியன் வருவது ஐந்தரைக்கு.
நடுவிலுள்ள நாலரை மணி நேரத்தை
இரவெல்லாம் கூட்டிக் கழித்துவிட்டு
மூன்று மணிக்குப் பம்ப்காரனை எழுப்பினேன்.
அவன் என் வம்சத்தையே திட்டினான்.

முந்தாநாளே பறித்து வைத்த துளசி,
வாடி, நாவில்.
உள்ளங்கையளவு நீர்.
இஞ்சினை அணைத்திருந்தேன்.
அந்த ஒரு மிடறு குசுமாவின் தொண்டையில்
இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.
பிறகு பானையின் துணியை அவிழ்த்தேன்.

டீசல் புத்தகத்தில் அன்று இரண்டு நடை எழுத வேண்டும்.
ஒன்றுதான் எழுதினேன்.