காற்று எடுக்கிற நாள்

நிலத்துக்குக் கேஸ் நடக்கட்டும்,
அதுவரைக்கும் இதை வச்சுக்கோ என்று
எனக்குத் தள்ளிவிட்ட பங்கு இது:
பட்டாளம் கழித்துவிட்ட ஒரு டன் நிசான்.
அப்பா ஏலத்தில் எடுத்தபோது கதவில் அம்பு இருந்தது,
வெள்ளையில், மேல்நோக்கி.
அதன்மேல் அடித்த நீலம் உரிந்து
அம்பு திரும்ப வந்துவிட்டது.

ஒன்பது மாதம் கொட்டகையில் கிடந்தது.
டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்தது.
முதலில் கோழியைக் கிளப்பினேன்.
பிறகு கார்புரேட்டர்.
பிறகு பாயின்ட்டுக்கு உப்புத்தாள்.
பிறகு செல்ஃப் மோட்டாரை மடியில் வைத்து
கார்பன் எவ்வளவு தேய்ந்தது என்று
விளக்குமாற்றுக் குச்சியால் அளந்தேன்.
கிருஷ்ணகிரி பழைய இரும்புக் கடையில்
ஜமீல் பாய் கேட்டார்: மெக்கானிக் யாரும்மா?
நாலு சக்கரத்துக்கும் கப் செட் கொடுங்க என்றேன்.
அப்புறம் அவர் கேட்கவில்லை.
விலையையும் குறைக்கவில்லை.

ஓடவைப்பது பெரிய காரியமில்லை.
மாரண்டஅள்ளியிலிருந்து சேலத்துக்குச் சரக்கு ஏற்றுகிற
யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்,
வண்டி என்றால்
தொப்பூர் இறக்கத்தில் நிற்குமா என்பதுதான்.

டிரம்மைக் கழற்றினால்
பழைய கப்பெல்லாம் பாலில் ஊறிய பணியாரம்போல
உப்பிக் கிடந்தது.
பிரேக் ஆயில் டப்பாவில்
எவனோ இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறான்.
எவனோ என்றே சொல்லிக்கொண்டேன்.

பைப்பெல்லாம் ஸ்பிரிட் விட்டுக் கழுவி
புதுக் கப் போட்டு, டிரம் மாட்டி
எல்லாம் ஒருத்தியாகச் செய்தாயிற்று.
காற்று எடுக்க மட்டும் ஒருத்தி போதாது.
மேலே ஒரு கால் வேண்டும், கீழே ஒரு கை.
பெடல்மேல் கல்லை வைத்துப் பார்த்தேன்.
எப்போது விடவேண்டும் என்று
கல்லுக்குத் தெரியாது.

வாடகை வண்டி வராத காலையில்
மாதேசன் வந்து நின்றான்.
வரப்பில் நாற்பது கிரேட் தக்காளி,
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
ஆடியிலிருந்து பேச்சில்லை.
என் முன் டயரிடம் சொன்னான்: லோடு இருக்குது.
நானும் டயரிடமே சொன்னேன்: ஏறு.

பின் இடது சக்கரம் முதலில்.
நிப்பிளில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு,
மறுமுனை பாட்டிலில்.
மிதி.
மிதி.
மிதி. பிடி.
ஸ்பேனரில் கால் சுற்று.
குழாயில் குமிழ் குமிழாய் வந்தது.
முடுக்கிட்டேன். விடு.
நான் முடுக்குமுன் அவன் விட்டால்
வந்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போய்விடும்.
அவன் விடவில்லை.

பின் வலது. முன் இடது.
மண் என் கண்ணில் விழுந்தது, எண்ணெய் காதில்.
முன் வலதுக்குப் புரண்டு வந்தபோது
தரைத்தகட்டு ஓட்டை வழியாக
அவன் ரப்பர் செருப்பு தெரிந்தது,
குதிகால் தேய்ந்து, ஒரு வார் கம்பியில் கட்டியது.

அந்த ஆயில் நான்தான் ஊத்தினேன், என்றது ஓட்டை.
தெரியும். மிதி.
அப்பாவுக்குத் தெரியாது.
பிடி.

கடைசிக் குமிழ் ஊசிமுனையளவு.
அதற்குப் பிறகு ஆயில் மட்டும்.

புளியமரம்வரை விரட்டி மிதித்தேன்.
நின்றது, கொஞ்சம் இடப்பக்கம் இழுத்து.
இடது அட்ஜஸ்டரில் இரண்டு பல் தளர்த்தினேன்.
வாடகை எவ்வளவு என்று கேட்டான்.
ஊருக்கு வாங்குவதையே சொன்னேன்.
ஒன்றும் பேசாமல் ஏற்றினான், நாற்பது கிரேட்,
சரியாக ஒரு டன்.

பாலக்கோட்டில் கோர்ட்டைத் தாண்டும்போது
பதினாறாம் தேதி வாய்தா என்றான்.
தெரியும் என்றேன்.
அன்றைக்கு பஸ் சரியாக இல்லையாம்.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

தொப்பூரில் இரண்டாம் கியரில் இறக்கினேன்.
முன்னால் ஒரு கன்டெய்னர் முக்கிக்கொண்டு போனது.
பக்கத்து சீட்டில் அவன் வலது கால்,
மிதிக்க ஒன்றுமே இல்லாத தகட்டை
கணவாய் முடியும்வரை
மிதித்துப் பிடித்துக்கொண்டே வந்தது.