தார்ப்பாய்

நாற்பத்தொரு மணி நேரம் எடுத்திருக்கிறோம்.
அதில் பாட்டு இரண்டு மணி.
மீதி முழுக்க
செங்கமலம் அம்மா வெந்நீர் குடிக்கிறார்.

கழுத்தில் ஒரு கோடு.
ஒன்பது வருடம் முன்பு கத்தி போன வழி.
ஒப்பனைக்காரப் பெண் அதை மறைக்கப் போக
‘விடும்மா, ஜனம் அதப் பாக்கத்தான வருது’ என்றார்.
இதை வைத்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர்.
நானும் சரி என்றேன்.
நாங்கள் ஒத்துப்போன கடைசி இடம் அது.

தை பதினெட்டு, மன்னார்குடி.
பாமணி ஆற்றுக்கு இந்தப் பக்கத்துத் திடலில்
வாடகை நாற்காலி மூவாயிரம்.
முதல் பாட்டில் குரல் படியேறவில்லை,
கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறியது.
மூச்செடுக்கும் இடத்தில் சின்னதாய் ஒரு கிழிசல்,
ஹெட்போன் மாட்டிய எனக்கு மட்டும் கேட்டது.
ஜனம் கைதட்டி
அதன் மேல் துண்டைப் போர்த்தியது.

மூன்றாம் பாட்டில் தூறல்.
வலதுபக்க வரிசைகள் எழுந்தன, பிறகு நடு.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு,
செல்போன் வெளிச்சத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு.
இரண்டாம் கேமரா அவர் முகத்தில் இருந்தது.
பாடிக்கொண்டே ஒரு மனுஷி,
தன் குரல்தான் இவர்களை எழுப்பி அனுப்புகிறதென்று
நம்பத் தொடங்கும் பதினோரு நொடி.
இதைவிட நல்ல ஷாட் கிடைக்காது,
இங்கேதான் இடைவேளை என்கிறார் இயக்குநர்.

பன்னிரண்டாம் நொடியில்
தபேலாக்காரர் குனிந்து சொன்னது
என்னிடம் இருக்கிறது:
‘அக்கா, நெல்லுக்குப் போறாங்க.’

கொள்முதல் நிலைய வாசலில்
ஐந்து நாளாய்க் காத்துக் கிடந்த குவியல்கள்.
ஈரம் ஏறினால் எடைபோட மாட்டார்கள்.
அவர் பாட்டை நிறுத்தினார்.
மேடைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை
அண்ணாந்து பார்த்தார்.
‘இது எத்தன குவியலுக்கு வரும்?’

இயக்குநர் வேண்டாமென்று கையாட்டுவதும்
ஓரத்தில் பதிவாகியிருக்கிறது.
அவிழ்த்துவிட்டார்கள்.
ஆறு பேர் தலைக்கு மேல் பிடித்து ஓட,
நீலமாய் ஏதோ பிராணி
கேட்டைத் தாண்டிப் போவது போலிருந்தது.
பின்னாலேயே ஜெனரேட்டர் பக்கிரிசாமி
ஜெனரேட்டரை அணைத்துவிட்டு.
அவருக்கும் முப்பது மூட்டை.

எட்டேமுக்காலுக்கு ஒவ்வொருவராய்த் திரும்பினார்கள்.
முழங்கால் வரை சேறு, கழுத்தெல்லாம் சுணை.
நாற்காலியில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.
பக்கிரிசாமி வரவில்லை.
மேடை விளிம்பில் கால் தொங்கப்போட்டு,
மைக் இல்லாமல்,
விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், குரல் வந்தது.
நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.
என் மிக்ஸர் செத்துக் கிடந்தது.
கேமராவின் சின்ன மைக்கில் இருப்பதெல்லாம்
தவளைகள்.
ஊர்த் தவளை அத்தனையும்.
நடுவில் யாரோ ‘டீசலு இருக்கா இல்லியாடா’.
எங்கோ அடியில்,
ஈரத் துணிக்குப் பின்னால் நிற்பவர் மாதிரி அவர்.

ஸ்டுடியோவில் மறுபடி பாடவைத்து
உதட்டுக்குப் பொருத்திவிடலாம் என்றார் இயக்குநர்.
முன்பணமும் கொடுத்தாயிற்று.
ஞாயிறன்று அம்மாவே வந்தார், பிளாஸ்க்கோடு.
அந்த நாலு நிமிடத்தை மூன்று முறை ஓட்டச் சொன்னார்.
மூன்றாம் முறை கண்ணை மூடித்
தொடையில் தாளம் போட்டார்.
‘இந்தப் பயலுவ
என்னவிட அரைக் கட்டை மேல நிக்கிறானுவ.’

வெந்நீரை ஊற்றியபடி கேட்டார்:
‘அந்த ஜெனரேட்டர்காரரு நெல்லு நனஞ்சுதா?’
யாருக்கும் தெரியவில்லை.
‘மொதல்ல அதக் கேளுங்க.’

கேட்டேன்.
இருபத்தெட்டு மூட்டை தப்பியது,
இரண்டு முளைவிட்டுப் போச்சு என்றார்.
பிறகு தயங்கி,
‘பாட்டு எப்புடி சார்? நாங் கேக்கவே இல்லியே.’

போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன்.
ரொம்ப நேரம் பேச்சில்லை.
‘மழ விட்டப்புறம் பாடினதா?’ என்றார்.